ஆடுபவர் கையில் காலம்

கேமுக்கு மியூசிக் போட வேண்டும் என்று என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம், எந்த மைக் நல்லது என்றுதான். அதற்கெல்லாம் பிறகு வருவோம் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் எங்கே உற்சவம் என்று விசாரித்து, ஒரு பஞ்சாரி மேளத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை நின்று கேட்டுவிட்டு வரச் சொல்வேன். நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சி பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு. மீனம், மேடம் மாதங்களில் இந்தப் பக்கத்தில் மேளச் சத்தம் காதில் விழாமல் ஒரு வாரம் கழிவதே அபூர்வம்.

பஞ்சாரி ஐந்து காலங்களில் நடக்கும். முதல் காலத்தில் ஒரு தாளவட்டத்துக்கு 96 அட்சரம். இரண்டாம் காலத்தில் 48. அப்புறம் 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு தடவையும் சரிபாதி. வரிசையாகச் செண்டைக்காரர்கள், அவர்களுக்கு எதிரே குழல்காரர்கள், கூடவே கொம்பும் இலத்தாளமும். நடுவில் நிற்கிற பிரமாணி கண்ணாலும் கோலாலும் காட்டினால்தான் அடுத்த காலத்துக்குப் போக முடியும். அவர் எப்போது காட்டுவார்? கூட்டம் எவ்வளவு சூடாகியிருக்கிறது, சாமி எழுந்தருள இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, கூட வாசிப்பவர்கள் கை எப்படி இருக்கிறது, இத்தனையும் பார்த்துத்தான். அதனால் ஒரே மேளம் ஓர் ஊரில் சீக்கிரம் முடியும், இன்னோர் ஊரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கும். எங்கேயும் வெட்டுத் தெரியாது, ஒட்டுத் தெரியாது.

கேம் இசையின் மொத்தச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது. சினிமாவில் ஹீரோ கதவைத் திறக்க நான்கு வினாடி என்றால் எந்தத் தியேட்டரிலும் நான்கு வினாடிதான். ரீ-ரெக்கார்டிங் செய்பவர் அந்த நான்கு வினாடியை அளந்து எழுதிவிடலாம். கேமில் அதே கதவை ஒருவன் நான்கு வினாடியில் தாண்டுவான். இன்னொருவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள் என்று போனை அப்படியே வைத்துவிட்டுப் போய், சோறு தின்று கை கழுவி வந்து தொடருவான். இரண்டு பேருக்கும் இசை சரியாக இருக்க வேண்டும். ஒரு மெட்டை எழுதி முடித்தால் வேலை முடியாது. அந்த மெட்டு எந்தெந்த வழியில் போகலாம், எங்கே காத்திருக்கலாம், எந்த அடியில் திரும்பலாம் என்ற ஏற்பாட்டையும் சேர்த்து எழுத வேண்டும். அடுத்த காலம் எப்போது என்று காட்டுகிற கோல் நம் கையில் இல்லை. விளையாடுகிறவர் கையில் இருக்கிறது.

பாலக்காட்டில் இதற்கு இன்னொரு பள்ளிக்கூடமும் உண்டு. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் இரவெல்லாம் நடக்கிற தோல்பாவைக்கூத்து. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எரியும் 21 விளக்கு, தோல் பாவைகள், புலவர் பாடுவது கம்பராமாயணம். கோயிலைப் பொறுத்து ஏழு இரவும் நடக்கும், இருபத்தொரு இரவும் நடக்கும், அதற்கு மேலும் போகும். கம்பன் பாட்டு மாறாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே புலவர் சொல்லும் விரிவுரைதான் நீளும், சுருங்கும். எது அசையக் கூடாது, எதை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டி புலவர் இந்தக் கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுபோனார். அவர் மகன் ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கேமுக்கு இசை எழுதக் கற்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை, நம் கம்பனைப் பாடுகிற இந்தக் கூத்தை ஓர் இரவாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தார். அம்மா ஊர் இந்தக் கொழிஞ்சாம்பாறை. படிப்பு மேலே, லீவு கீழே என்று வளர்ந்தேன். எனக்குச் சுருதி பிடித்துப் பழகியது ஃபாக்டரியில். பறித்து வந்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறி வைத்துக் காற்றடித்து வாட வைப்பார்கள். அந்த விசிறிகள் ராத்திரி முழுக்க ஒரே சுருதியில் ஓடும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது அது லேசாக நழுவும். தோட்டத்து லயன் வீட்டில் படுத்திருக்கும்போதே அந்த நழுவல் தெரியும். இன்றைக்கும் என் கேம்களில் அடியில் ஓடுகிற நாதம் பெரும்பாலும் அந்த விசிறிகளில் பதிவு செய்ததுதான். கம்ப்யூட்டரில் செய்த எந்த நாதத்தையும்விட அதற்கு உயிர் அதிகம், ஏனென்றால் அது ஒருபோதும் முழுசாக அசையாமல் இருப்பதில்லை.

இந்த எல்லைக்கு இசையில் பெரிய பாத்தியதை உண்டு. செம்பையும் பாலக்காடு மணி ஐயரும் இந்தப் பக்கத்துக்காரர்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-இல் பிறந்த எலப்புள்ளி இங்கிருந்து தூரமில்லை. அந்தப் பக்கம் இடுக்கி மலை இறங்கினால் அடிவாரத்தில் இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது அவர் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினார். சிறுவன் இளையராஜா அண்ணனோடு வந்தது அந்தக் காலத்தில்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்தக் கூட்டங்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எதிரே நிற்கும் ஜனத்தைப் பார்த்துப் பாட்டை நீட்டுவது, நிறுத்துவது, திரும்ப எடுப்பது என்பதெல்லாம் மேடைக்காரனுக்குக் கைவந்த கலை. ரெக்கார்டிங் தியேட்டர் அதை நம்மிடமிருந்து எடுத்துவிட்டது. கேம் அதைத் திருப்பிக் கேட்கிறது.

உலகத்தில் இந்தத் தொழில் எப்படித் தொடங்கியது என்று பார்த்தாலும் அதே கதைதான். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இருந்தது நாலே நாலு ஸ்வரம், இறங்கு வரிசையில். எதிரிகள் நெருங்க நெருங்க அந்த நான்கும் வேகமெடுக்கும். அதற்குள்ளேயே காலம் மாறுகிற தத்துவம் இருக்கிறது. 1985-இல் சூப்பர் மேரியோ பிரதர்ஸுக்குக் கோஜி கோண்டோ எழுதிய மெட்டு இன்றும் உலகம் முழுக்கக் குழந்தைகள் வாயில் இருக்கிறது. 1991-இல் மங்கி ஐலண்ட் 2 என்ற கேமுக்காக மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐ-மியூஸ் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு குடிசையிலிருந்து அடுத்த குடிசைக்குள் நுழைந்தால், ஓடுகிற மெட்டு தாளம் தவறாமல் அந்தக் குடிசையின் மெட்டுக்கு மாறும். பிரமாணியை மெஷினுக்குள் உட்கார வைத்த முதல் பெரிய முயற்சி அதுதான் என்பது என் கருத்து. இன்று எஃப்மோட், வைஸ் என்று அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. படிப்பவர்களுக்கும் சின்ன பட்ஜெட் கேம்களுக்கும் காசில்லாமலே கிடைக்கின்றன. இரண்டில் ஒன்றையாவது கையாளத் தெரியாதவரை நான் கேம் கம்போஸர் என்று சொல்ல மாட்டேன். நல்ல இசையமைப்பாளராக இருக்கலாம், அது வேறு விஷயம்.

கைவேலையை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். கொச்சியில் சின்னக் குழு ஒன்று செய்த கேம். மலைப்பாதையில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், மழை வருகிறது, ஏதோ ஒன்று பின்தொடர்கிறது. டெம்போ நிமிடத்துக்கு 96 அடி என்று வைத்தேன். பஞ்சாரியின் 96-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கணக்கு வசதிக்காக வைத்தது. வினாடிக்கு 48,000 சாம்பிள் என்ற அளவில் பதிவு செய்தால் ஓர் அடிக்குச் சரியாக 30,000 சாம்பிள் வரும், மிச்சம் மீதி இல்லாமல். நாலடித் தாளத்தில் 16 ஆவர்த்தனம் போட்டால் 64 அடி, அதாவது 40 வினாடி. இந்த 40 வினாடிதான் ஒரு சுற்று. லூப் என்கிறோம்.

சுற்று ஒட்டுகிற இடத்தில்தான் பழகாதவர்கள் மாட்டுவார்கள். கடைசி ஆவர்த்தனத்தில் ஒலித்த மணியின் கார்வை 40-ஆவது வினாடியில் அறுந்துவிடும், அடுத்த சுற்று வெறுமையாகத் தொடங்கும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தடுக்கியது போலிருக்கும். இதற்கு எளிய வழி, அதே சுற்றை இரண்டு முறை தொடர்ந்து ஓடவிட்டுப் பதிவு செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுப்பது. முதல் சுற்றின் கார்வை அதன் தொடக்கத்தில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். அப்புறம், லூப்பை எம்.பி.3-யாகக் கொடுக்கவே கூடாது. அந்த முறை கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் விக்கல் வரும். ஓஜிஜி அல்லது வேவ் என்று கொடுங்கள்.

இப்போது அந்த 40 வினாடியை நான்கு அடுக்காகப் பிரித்தேன். அடியில் ஃபாக்டரி விசிறி. அதன்மேல் இரண்டே ஸ்வரத்தில் புல்லாங்குழல். மூன்றாவது அடுக்கு இலத்தாளத்தின் விளிம்பை மட்டும் தொடுகிற ஒலி. நான்காவது செண்டை. நான்கும் எப்போதும் சேர்ந்தே ஓடும், சத்தம்தான் திறந்து மூடும். பின்தொடர்வது எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்பதை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாக கேம் அனுப்பிக்கொண்டே இருக்கும். 30 தாண்டினால் இலத்தாளம், 70 தாண்டினால் செண்டை. ஆனால் தாண்டிய அந்த நொடியிலேயே திறக்காது. அடுத்த ஆவர்த்தனத்தின் முதலடி வரும்வரை காத்திருந்து திறக்கும். அதிகம் போனால் இரண்டரை வினாடி. அந்தக் காத்திருப்பு இருந்தால்தான் கேட்பவருக்கு அது இசையாகப் படும். உடனே நடந்தால் வெறும் அலாரம்.

இதில் புரோகிராமர் பிள்ளையோடு எனக்கு நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன்.

“சேட்டா, இந்த எடத்துல பிளேயர் எவ்ளோ நேரம் நிப்பான்னு எனக்கே தெரியாது. அஞ்சு நிமிஷப் பாட்டு ஒண்ணு போட்டுக் குடுத்தா போதும்.”

“அஞ்சு நிமிஷம் வேண்டாம் தம்பி. அந்தப் பொண்ணு எங்கெல்லாம் பயப்படணும்னு மட்டும் சொல்லு.”

அவன் யோசித்துவிட்டு ஒரு மேப் எடுத்து வந்தான். எங்கே வழி தவறுவார்கள், எங்கே அதிகம் சாவார்கள், எங்கே சும்மா நின்று மலையைப் பார்ப்பார்கள் என்று வட்டம் போட்டான். சும்மா நிற்கிற இடங்களில் புல்லாங்குழலையும் எடுத்துவிட்டேன். அதிகம் சாகிற இடம்தான் முக்கியம். அங்கே ஒருவன் அதே இசையின் தொடக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பான். தொடக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அவனுக்கு எரிச்சல் வரும். ஆகவே செத்துப் பிழைத்து வரும்போது இசையை முதலிலிருந்து தொடங்காமல், விட்ட இடத்திலிருந்தே ஓடவிட வேண்டும். ஒரு புதுக் குழுவோடு உட்காரும்போது நான் கேட்கிற முதல் கேள்வியே, உங்கள் கேமில் எங்கே அதிகம் தோற்பார்கள் என்பது. கதை என்ன என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைன்கிராஃப்ட் விளையாடிய எல்லோருக்கும் அதன் பியானோ நினைவிருக்கும். சி418 என்ற பெயரில் டேனியல் ரோசன்ஃபெல்ட் எழுதியது. அந்த கேமில் பல நிமிடங்களுக்கு இசையே இருக்காது, திடீரென்று ஒன்று மெல்ல வந்து, முடிந்து போய்விடும். அதனால்தான் அது மனதில் நின்றது. நம் ஆட்களுக்கு இடைவெளி என்றால் பயம். தயாரிப்பாளர் காசு கொடுத்தது சத்தத்துக்குத்தானே என்று நினைக்கிறார்கள். எவ்வளவு பேசியாவது இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் ஒரே இடத்தில் ஒருவர் இருந்தால் இசை தானாக விலகிக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலானவர்கள் விளையாடுவது போனில். போன் ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி ஏறக்குறைய கேட்கவே கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பியின் கும்காரம் காணாமல் போகும். செண்டைக்கும் அதே கதி. ஸ்டுடியோ ஸ்பீக்கரில் நெஞ்சை அடித்த மேளம் போனில் தகர டப்பா. இரண்டு காரியம் செய்யலாம். தொப்பி ஒலியை லேசாக உடைத்து அதன் மேல் ஸ்தாயி அதிர்வுகளை எழுப்பினால், அடி ஸ்வரம் இல்லாவிட்டாலும் காது அதை இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, எழுதும்போதே முக்கியமான மெட்டை நடு ஸ்தாயியில் வைத்துக்கொள்வது. பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடுபவர்கள் ஏராளம் என்பதால், விளையாட்டுக்கு அவசியமான செய்தியை இசையில் மட்டும் வைக்கக் கூடாது. ஆப் எவ்வளவு கனம் என்பதிலும் குழு கறாராக இருக்கும். இரண்டு நிமிட இசை, வினாடிக்கு 96 கிலோபிட் அளவில் சுருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை எம்.பி. அந்தக் கணக்கு நமக்கே தெரிந்திருந்தால் பேச்சில் மரியாதை கூடும்.

சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுமாரான கம்ப்யூட்டர், நம்பகமான ஹெட்போன், கையடக்க ரெக்கார்டர் ஒன்று. ஆனால் மைக்குக்கு முடி வைத்த காற்று உறை கட்டாயம் வாங்குங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வருகிற காற்று எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். உறை இல்லாமல் எடுத்தால் வெறும் இரைச்சல். உறையோடு எடுத்தால் பனங்காட்டில் காய்ந்த ஓலை ஓலையோடு உரசுகிற ஒலி கிடைக்கும். வடகரப்பதிப் பக்கம் பனைகளுக்குக் கீழே நின்று பதிவு செய்த ஓலைச் சத்தத்தை வேகம் குறைத்து ஒரு கேமில் பாம்பு நகர்வதற்கு வைத்தேன். மறையூர் கரும்பாலையில் பாகு கொதிப்பது, மூணாறில் மழை தகரக் கூரையில் விழுவது, இவற்றையெல்லாம் பணம் கொடுத்து வாங்குகிற ஒலித் தொகுப்புகளில் தேடினால் கிடைக்காது. நடந்துபோய்ப் பதிவு செய்யுங்கள்.

மனிதர்களின் இசையைப் பதிவு செய்வது வேறு. அட்டப்பாடியில் இருளர்களுக்குப் பறை, தவில், கொகல், ஜால்ரா என்று முழு வாத்தியக் கட்டு இருக்கிறது. அதைக் கேட்ட எவருக்கும் உடனே எடுத்துப் பயன்படுத்த ஆசை வரும். ஊருக்குள் போக முறையான அனுமதி வாங்க வேண்டும், ஊர்த் தலைவரான மூப்பனைப் பார்த்துப் பேச வேண்டும். இதற்கெல்லாம் நேரம் ஆகும், ஆகட்டும். எந்தத் தாளம் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடக் கூடாது. சாவு வீட்டில் வாசிக்கிற தாளத்தை, கேட்க மிரட்டலாக இருக்கிறது என்று கேமின் கடைசி வில்லனுக்குப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சனங்களின் பிள்ளைகளும் அதே கேமை விளையாடுவார்கள் என்று யோசித்தால் கை வராது. 2020-இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் அட்டப்பாடி இருளரான நஞ்சியம்மா தன் பாட்டைத் தன் மொழியிலேயே பாடினார். இயக்குநர் சச்சியும் இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜோயும் அவர் குரலை அவர் பெயரோடு வைத்தார்கள். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு 2022-இல் அறிவிக்கப்பட்டது. நாம் செய்ய வேண்டியது அதுதான்: வாசித்தவர், பாடியவர் பெயர் கேமின் பெயர்ப் பட்டியலில் வர வேண்டும், பணம் அன்றைக்கே கையில் போக வேண்டும், பதிவு எதற்கெல்லாம் பயன்படும் என்பது அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லி எழுதிக்கொடுக்கப்பட வேண்டும்.

வெளியுலகம் நம்மைக் கேட்கத் தயாராகத்தான் இருக்கிறது. 2017-இல் அன்சார்ட்டட் வரிசையில் வந்த ‘தி லாஸ்ட் லெகசி’ கேமில் மேற்குத் தொடர்ச்சி மலையே ஓர் அத்தியாயமாக வருகிறது. அதற்கு இசை ஹென்றி ஜாக்மன், இங்கிலாந்துக்காரர். புனேயில் நோடிங் ஹெட்ஸ் குழு செய்து 2020-இல் வந்த ‘ராஜி’ முழுக்க நம் புராணச் சாயல் கொண்டது. அதற்கு எழுதியவர் கிரேக்கரான லினோஸ் செலோஸ். இருவர் வேலையையும் மதித்தே சொல்கிறேன், அந்த மலையடியில் பிறந்த எனக்கு அதைக் கேட்கும்போது ஏக்கமாக இருந்தது. பிறகு 2023-இல் ‘வெண்பா’ வந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், இட்லியும் பிரியாணியும் சமைப்பதே விளையாட்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது, இசை ஆல்ஃபா சம்திங். அந்தந்தக் காலத் தமிழ்த் திரைப்பாட்டின் சாயலில் புதிதாகப் பாட்டெழுதி, சமையல்கட்டு ரேடியோவில் ஓடவிட்டார்கள். வருடம் ஓடியதை ரேடியோப் பாட்டின் வாத்தியங்களே சொல்லிவிடும். 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும் சுயேச்சை கேம் விழாவின் பெரும்பரிசும் அதற்குக் கிடைத்தன. தமிழ்க் காது வைத்து எழுதியதை உலகம் அப்படியே எடுத்துக்கொண்டது. கிராமியும் 2023 முதல் கேம் இசைக்குத் தனி விருது தருகிறது. முதல் விருது ஸ்டெஃபனி எகனாமூவுக்குப் போனது.

வேலை எப்படிக் கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். ஆடியோ ஆல்பம் அனுப்பினால் யாரும் கேட்பதில்லை. கேம் ஓடுகிற வீடியோவில், விளையாடுபவர் செய்வதற்கேற்ப உங்கள் இசை மாறுவதைக் காட்டுங்கள். இரண்டு நிமிடம் போதும். இலவசமாகக் கிடைக்கிற சின்ன கேம் ஒன்றை எடுத்து அதன் இசையைக் கழற்றிவிட்டு உங்களுடையதை மாட்டிப் பழகலாம். 2009 முதல் ஒவ்வொரு வருடமும் ஜனவரி வாக்கில் குளோபல் கேம் ஜாம் நடக்கிறது, சில நாட்களுக்குள் ஒரு கேம் செய்து முடிக்கிற கூடல். கொச்சி, கோவை, சென்னை, பெங்களூர் என்று அக்கம்பக்கத்தில் எங்கே நடந்தாலும் போய் உட்காருங்கள். எனக்கு வந்த வேலைகளில் பெரும்பகுதி அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் வழியாக வந்தது. இசையமைப்பாளர் கிடைக்காமல் அலைகிற குழுக்கள்தான் அங்கே அதிகம். இன்னொன்று, கேம் முடிகிற தறுவாயில் கூப்பிட்டால் வேலையின் பாதி கைநழுவிவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே உள்ளே நுழையுங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

பணம். வெளிநாட்டில் முடிந்த இசைக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம், இங்கே மொத்தமாகப் பேசுகிறார்கள். எப்படிப் பேசினாலும் எஃப்மோட்டில் கோத்துக் கொடுப்பதற்குத் தனியாகக் கேளுங்கள், அது தனி வேலை. மூன்றில் ஒரு பங்கு முன்பணம், திருத்தம் இரண்டு முறை, அதற்குமேல் தனிக் கட்டணம். இதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்கு நடந்தது. ஒரு நிறுவனத்துக்குச் செய்த இசையை அவர்கள் சில வருடம் கழித்து இன்னொரு கேமில், என்னைக் கேட்காமல், வேறு நாடுகளில் போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் குறிப்பிடப்படவில்லை. எல்லாமே எங்களுடையது என்று வாதாடினார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வக்கீல் கடிதத்தில் இந்தப் பிரிவைக் காட்டியதும் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். பணம் வந்தது. அந்தப் பிரிவை ஒவ்வோர் இசைக்காரரும் படித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்த்தால் கணக்கு வேறு, வேலையின் பகுதியாக எழுதியது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். 2012 திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் சமபங்கைப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சொல்லித்தான் உறுதி செய்தது. கேம் என்று பெயர் சொல்லவில்லை. ஆகவே ராயல்டி, தனி ஆல்பமாக வெளியிடும் உரிமை, அடுத்த பாகத்தில் பயன்படுத்தினால் என்ன, இசையைக் கொடுத்துச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரலாமா கூடாதா, இந்த நான்கையும் நீங்களே எழுதிச் சேருங்கள்.

அமெரிக்கக் குழுவென்றால் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை ஒவ்வொரு தடவையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இதை மட்டும் நம்பி முதலிலேயே குடும்பம் நடத்த முடியாது. நான் இப்போதும் வாரத்தில் சில மாலைகளில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன், ஆல்பம் பாட்டுகளுக்கு மிக்ஸ் செய்கிறேன். இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். கிடைத்த வேலையையெல்லாம் ஏற்காமல், பிடித்த கேமுக்காகக் காத்திருக்கிற தெம்பை அந்த வருமானம்தான் கொடுக்கிறது. காதையும் காப்பாற்ற வேண்டும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்பது தொழில் சுகாதாரக் கணக்கு, சத்தம் கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று குறையும். மேளத்துக்குப் போகும்போது நான் பஞ்சடைப்பு போட்டுக்கொள்கிறேன். சில ஆசான்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அடுத்த நாள் மிக்ஸ் இருக்கிறது என்று விளக்கிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள்.

மூணாறு, மறையூர், பீர்மேடு பக்கத்திலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது எனக்குத் தங்கள் வேலையை அனுப்புகிறார்கள். மழை நாட்களில் மலையில் நெட் படுத்துவிடும் என்பதால் பெரிய கோப்பு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். 40 வினாடிச் சுற்று ஒன்று, நான்கு அடுக்காகப் பிரித்தது, ஓஜிஜி கோப்பாக, எந்த அடுக்கு எப்போது திறக்க வேண்டும் என்ற இரண்டு வரிக் குறிப்போடு. இதை ஒழுங்காகச் செய்தவர்களை அடுத்த ஜனவரி ஜாமில் ஒரு குழுவோடு சேர்த்துவிடுவது என் பொறுப்பு.